பாட்டின் ஊரைத் தேடி

ஆகஸ்டு 15 நமக்கு இரட்டை விழா. விண்ணேற்பு அன்னையின் திருநாள் திருப்பலி முடிந்த கையோடு ஆலய முற்றத்தில் தேசியக் கொடி ஏறும், மறைக்கல்வி மாணவர்கள் பாடுவர், பேசுவர், இனிப்பு வழங்கப்பெறும். சென்ற ஆண்டு அந்நிகழ்ச்சியில் எங்கள் மகளும் தோழியர் ஐவரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினர். கத்தியையும் இரத்தத்தையும் விலக்கிவிட்டு நடந்த ஒரு போரைப் பற்றிய அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் சென்ற எவரும் அறிவர். "இப்போது நாங்கள் பாடவிருப்பது மகாகவி பாரதியாரின் பாடல்" என்று ஒலிபெருக்கியில் அவள் அறிவித்தாள். அறிவிப்பை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

பாட்டு நன்றாகவே அமைந்தது. கலைந்து செல்லும்போது, எங்கள் பங்கின் மூத்தவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவளருகே வந்து, "குரல் நன்றாயிருந்தது, அம்மா. ஆனால் பாரதியார் மறைந்து ஒன்பது ஆண்டு கழித்து உண்டான பாட்டை அவர் எப்படி எழுதியிருப்பார்?" என்று மெல்லக் கேட்டார். மெல்லத்தான் கேட்டார், ஆயினும் சுற்றி நின்ற பிள்ளைகள் காதில் அது விழுந்துவிட்டது. அவர்கள் சிரித்தார்கள். வீடு வந்து சேரும்வரை எங்கள் மகள் வாய் திறக்கவில்லை. வாசற்படியில் நின்று, "அப்பா, நீங்கள் எழுதித் தந்ததைத்தானே படித்தேன்?" என்றாள். பதில் சொல்ல எங்களுக்கு நாவெழவில்லை.

ஒரு பிழையைத் திருத்துவதற்குப் புத்தகம் புரட்டினால் போதும். ஆனால் குழந்தையின் முகத்தில் விழுந்த நிழலைத் திருத்தப் புத்தகம் போதாது என்று தோன்றிற்று. ஆசிரியர் ஐயாவையே அழைத்துக்கொண்டு, பாட்டைப் படைத்தவரின் ஊருக்கு ஒருநாள் போய்வருவதென்று முடிவு செய்தோம். அதுவும் தொலைவில் இல்லை. சேலத்தில் காலைச் சிற்றுண்டி முடித்துப் புறப்பட்டால் நண்பகலுக்குமுன் போய்ச் சேர்ந்துவிடும் ஊர்தான்.

*

சேலத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் மல்லூர் தாண்டியதும் குன்றுகள் ஒதுங்கி நிலம் விரிகிறது. இடப்புறம் கொல்லிமலை நீலமாய்க் கூடவே வருகிறது. சாலையோரம் கோழிப் பண்ணைகளின் நீண்ட கூரைகள். பட்டறைகளில் எலும்புக்கூடாய் நிற்கும் லாரிகளுக்கு உடல் பொருத்தும் ஓசை. முட்டைக்கும் லாரிக்கும் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற இந்தச் சமவெளியில் ஒரு போர்ப்பாட்டின் வேர் இருக்கிறது என்று யாரும் பலகை நட்டு வைக்கவில்லை. சற்று நேரத்தில் ஒற்றைக் கல்லாய் நாமக்கல் மலை எழுந்து நிற்கிறது. ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள பாறை. உச்சியில் கோட்டை மதில். அடிவாரத்தில் 18 அடி உயர ஆஞ்சநேயர் திருவுருவம்.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். கவிஞர் பிறந்தபோது இப்பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சேலத்தார் ஆகிய நாங்கள் அவரைச் சொந்தம் கொண்டாடினால் நாமக்கல் நண்பர்கள் பொறுத்தருள்க.

அவர் பெயர் வெ. இராமலிங்கம் பிள்ளை. ஊரார் வாயில் 'நாமக்கல் கவிஞர்'. நகரில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கி, நூலகமும் அமைத்திருக்கிறது. அவர் பெயரில் மகளிருக்கென ஓர் அரசு கல்லூரி உண்டு. சென்னையில், ஆங்கிலேயர் கட்டிய புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே, தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர். இவ்வளவு இருந்தும் எங்கள் வீட்டில் அவர் பாட்டுக்குப் பாரதியார் பெயர் ஒட்டியிருந்ததே, ஏன்?

"அதில் உங்கள் குற்றம் மட்டும் இல்லை" என்றார் ஆசிரியர் ஐயா. பாரதியாரின் பாட்டுகள் விடுதலைக்குப் பின் திரைப்படத்தாலும் இசைத்தட்டாலும் வானொலியாலும் வீடுதோறும் நுழைந்தன. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படம் ஒன்றே போதும். அதன்பின் நாட்டுப்பற்றுள்ள நல்ல தமிழ்ப்பாட்டு எதைக் கேட்டாலும் மக்கள் மனம் அதை அவர் கணக்கிலேயே எழுதிக்கொண்டது. செல்வமுள்ள அண்ணன் பெயரில் தம்பியின் நிலமும் பதிவாகிவிடுவது போல என்று ஐயா சொன்ன உவமையைக் கேட்டுப் பேருந்தில் முன்னிருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆண்டுக் கணக்கோ மிக எளிது. பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பரில். காந்தியடிகள் 78 தொண்டர்களோடு சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டது 1930 மார்ச்சு 12-ஆம் நாள். தமிழகத்தில் இராஜாஜி தலைமையில் உப்பு எடுக்கும் படை திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டது அதே ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள். அந்தப் படை நடப்பதற்கென்றே எழுந்தது இந்தப் பாட்டு. பாரதியாரை இராமலிங்கம் பிள்ளை நேரில் கண்டு தம் கவிதையைப் பாடிக்காட்டி அவரால் பாராட்டப்பெற்றதுண்டு. இருவருக்கும் உள்ள உறவு அது, பாட்டு ஒருவருடையது.

*

நாமக்கல்லிலிருந்து மோகனூருக்கு இன்னும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நாவலடி கருப்பனார் கோவிலுக்குச் செல்லும் கூட்டத்தோடு கூட்டமாய் இறங்கினோம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பலரும் அறிந்த ஊர் இது. ஊரை ஒட்டிக் காவிரி அகன்று கிடக்கிறது. எதிர்க்கரை வாங்கல், கரூர் மாவட்டம். இடையே நீண்ட பாலம்.

இங்கேதான் 1888 அக்டோபர் 19-ஆம் நாள் வெங்கடராம பிள்ளைக்கும் அம்மணி அம்மாளுக்கும் எட்டாவது மகவாய், ஏழு பெண்களுக்குப்பின் பிறந்த ஆண்பிள்ளையாய், அவர் பிறந்தார். இராமேசுவரத்தை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலால் இராமலிங்கம் என்று பெயரிட்டனர். தந்தையார் பணியாற்றியது காவல்துறையில். அதைக் கேட்டதும் எங்கள் மகள் நிமிர்ந்தாள். "போலீஸ்காரர் மகனா அந்தப் பாட்டை எழுதினார்?"

ஆம், அது மட்டுமன்று. நாமக்கல்லிலும் கோவையிலும் பள்ளிப்படிப்பு. திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் மேற்படிப்பு. பிறகு நாமக்கல் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர், அதன்பின் தொடக்கப்பள்ளி ஆசிரியர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஓவியர். கவிஞராய் நாடறியுமுன் தூரிகையால் புகழ் பெற்றவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை யொட்டி டில்லியில் தர்பார் நடந்த நாளில், பாரதத்தாய் மன்னருக்கு முடி சூட்டுவதாக ஒரு படம் எழுதி, அதற்குத் தங்கப் பதக்கம் பெற்றார்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. "மன்னரைப் படம் எழுதிப் பதக்கம் வாங்கியவர் எப்படி மன்னரை எதிர்த்துப் பாடினார்? இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்" என்றாள்.

சொல்லாமல் விடக்கூடாது என்பதே எங்கள் எண்ணம். பெரியவர்கள் வரலாற்றை எழுதும் பலர் இத்தகைய பதக்கங்களைப் பெட்டிக்குள் பூட்டிவிடுகிறார்கள். அதனால் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரும் பெரியவர்களாகவே பிறந்தார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அரசப்பற்றும் நாட்டுப்பற்றும் ஒரே நெஞ்சில் குடியிருந்தது வியப்பன்று. அந்தப் படத்தையே பாருங்கள்: முடி மன்னர் தலையில் ஏறுகிறது என்றாலும், அதைச் சூட்டும் கை பாரதத்தாயின் கை. ஓவியர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, கொடுப்பவளை அவர் மறக்கவில்லை.

அவர் மனம் நேர்கோட்டில் சென்றதும் இல்லை. முதலில் திலகர் வழியின் வேகம் அவரை ஈர்த்தது. காந்தியடிகளின் நெறி பின்னரே ஆட்கொண்டது. வேறு வழி உண்டென்று அறிந்து, அதன் சூட்டையும் உணர்ந்து, அதை விட்டு வந்தவர் எழுதிய பாட்டு அது. ஆகவேதான், ஆயுதமில்லாத போரைக் கண்டு உலகம் கொள்ளும் திகைப்பு அந்தப் பாட்டுக்குள்ளேயே ஒலிக்கிறது. படைக்குரிய விலங்குகள் இல்லை, கொல்லும் வெறி இல்லை, இது என்ன போர் என்று பாடுபவனே வியக்கிறான். உண்மை நிலைக்கும் என்று நம்புகிற எவரும் வந்து சேரலாம் என்று அழைக்கிறான். பகைவன் என்று ஒருவரையும் சுட்டவில்லை. எதிரில் தடியோடு நிற்கப்போகிறவர் யாரோ ஒரு வீட்டின் தந்தை என்பது காவலர் மகனுக்குத் தெரியாதா?

*

ஆற்றங்கரை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். ஐயா வெகுநேரம் தண்ணீரைப் பார்த்திருந்துவிட்டு, தம் இளமையில் சென்னைப் பள்ளியொன்றில் தமக்கு ஆங்கிலம் கற்பித்த அயர்லாந்துத் துறவற சகோதரர் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்தச் சகோதரர் மாலை வேளைகளில் தம் நாட்டுப் பாட்டொன்றைப் பாடுவாராம். பாடும்போது கண் கலங்குமாம். 'ஃபாகி டியூ' என்பது அதன் பெயர். மூடுபனி என்று கொள்ளலாம்.

அதை இன்று உலகெங்கும் பாடுகிறார்கள். பலர் அதை யாரோ பெயர் தெரியாதவர் பாடிய பழம்பாட்டு என்றே எண்ணுகிறார்கள். மெட்டு பழையதுதான், ஒரு காதல்பாட்டின் மெட்டு, தலைப்பும் அப்படியே பழங்காதல் பாட்டிலிருந்து வந்தது. ஆனால் சொற்களை எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குரு: அருட்தந்தை சார்லஸ் ஓ'நீல். 1887-இல் பிறந்தவர், நம் கவிஞருக்கு ஓராண்டு மூத்தவர். பிற்காலத்தில் டவுன் கோட்டத்தில் பங்குத் தந்தையாய் இருந்து 1963-இல் மறைந்தார்.

பாட்டின் பொருள் 1916-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஏப்ரல் 24 திங்களன்று, டப்ளின் நகரில் எழுந்த ஆயுதக் கிளர்ச்சி. ஒரு வாரத்தில் அது அடக்கப்பட்டது. தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே காலத்தில் பிரிட்டிஷ் சீருடையணிந்து துருக்கியின் கடற்கரையில் மடிந்த அயர்லாந்து இளைஞர்களையும் அந்தப் பாட்டு நினைந்து இரங்குகிறது. அருட்தந்தை அதை எழுதத் தூண்டுதலாய் அமைந்தது 1919 சனவரியில் டப்ளினில் கூடிய அயர்லாந்து மக்கள் மன்றத்தின் முதல் அமர்வு. உறுப்பினர் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்தபோது, பெயருக்குப்பின் பெயருக்கு, 'அயலார் சிறையில் இருக்கிறார்' என்றே விடை வந்தது. பார்வையாளராய் அமர்ந்து கேட்டவர் உள்ளத்தில் அந்த விடை பாட்டாயிற்று.

"இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்..." என்று தொடங்கிய ஐயா நிறுத்திவிட்டு, மகளிடம், "1930-இல் உயிர்ப்பு ஞாயிறு என்றைக்கு என்று தெரியுமா?" என்றார். ஏப்ரல் 20. அப்படியானால் திருச்சியில் இராஜாஜியின் படை புறப்பட்ட ஏப்ரல் 13 குருத்து ஞாயிறு! நம் ஆலயங்களில் குருத்தோலை பவனி நடந்த அதே நாளில், டாக்டர் தி. சே. சௌ. இராஜன் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் நடக்கத் தொடங்கினர்.

இன்னும் ஒன்று. அந்த வாரத்தின் பெரிய வெள்ளியன்று, ஏப்ரல் 18 இரவு, வங்காளத்தின் சிட்டகாங்கில் சூர்யா சென் தலைமையில் இளைஞர்கள் ஆயுதக் கிடங்கைத் தாக்கினர். தங்கள் படைக்கு அவர்கள் வைத்த பெயர் 'இந்தியக் குடியரசுப் படை'. அயர்லாந்துப் படையின் பெயரைப் பார்த்து வைத்தது. அவர்கள் மனத்தில் இருந்தது டப்ளினின் உயிர்ப்புவாரக் கிளர்ச்சி. ஒரே நாட்டில், ஒரே புனித வாரத்தில், வடகிழக்கே அயர்லாந்தின் வழி. தெற்கே காவிரிக்கரையில் நாமக்கல்காரரின் வழி. அந்த இளைஞர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேச எங்களுக்கு வாய் வராது. அருட்தந்தையின் பாட்டும் எங்களை உருக்குகிறது. ஆயினும், எந்தப் பாட்டை நம் பிள்ளைகள் ஆலய முற்றத்தில் பாட வேண்டும் என்று கேட்டால் எங்கள் விடை ஒன்றே.

*

இரத்தமில்லாத போர் என்பதால் நோவில்லாத போர் என்று எண்ணிவிட வேண்டாம். திருச்சியிலிருந்து வேதாரணியம் ஏறத்தாழ 150 மைல், பதினைந்து நாள் நடை, சித்திரை வெயில். தஞ்சை மாவட்ட ஆட்சியராய் இருந்த தார்ன் என்னும் ஆங்கிலேயர், தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர்க்கு ஆறு மாதம் வரை சிறை என்று துண்டறிக்கை வெளியிட்டார். விருந்தோம்பல் குற்றமாயிற்று! மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு ஒதுங்கிக்கொண்டனர். மரம் சோறு கொடுத்தால் எந்தச் சட்டத்தின்கீழ் மரத்தைக் கைது செய்வது? துணிந்து இடமளித்து, அதற்காகச் சிறை சென்றவரும் உண்டு.

இப்படி நடப்பவனுக்குப் பாட்டு வேண்டும். வயிற்றில் பசி, காலில் கொப்புளம், கையில் ஒன்றும் இல்லை. போர்வீரனுக்குத் தோளில் துப்பாக்கியேனும் இருக்கும். அதன் பாரமே ஒரு துணிவு. வெறுங்கையனுக்கு, தான் செய்வது போர்தான் என்று யார் சொல்வது? அந்த வேலையைப் பாட்டு செய்தது. சொற்கள் சிறியவை, இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் ஒரு துண்டு முடிகிறது. கற்றவர் மட்டும் சுவைக்கும் கவிதையாய் அது இருந்திருந்தால் தஞ்சாவூர் எல்லையைத் தாண்டியிராது. இலக்கியத் திறனாய்வாளர் சிலர் அதை எளிமையான பாட்டு என்று சற்றே இறக்கிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வெயிலில் நடந்துகொண்டு அதைப் பாடிப் பார்க்கலாம்.

ஏப்ரல் 28-ஆம் நாள் படை வேதாரணியம் சேர்ந்தது. வேதரத்தினம் பிள்ளை துணைநின்றார். 30-ஆம் நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் இராஜாஜி உப்பெடுத்தார், கைதானார், ஆறு மாதச் சிறை. தொண்டர்கள் அடிபட்டனர், அவர்களும் சிறை சென்றனர். முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தாம் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் காவலர் என்று அறிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறை சென்றார். அந்தப் போரில் கத்தி பிடித்த ஒரே கை அவருடையதாய்த்தான் இருக்கும். அதுவும் கீழே வைத்ததனால் புகழ் பெற்றது.

அடுத்த மாதமே, 1930 மே 26-ஆம் நாள், நம் சேலம் மறைமாவட்டம் உருவாயிற்று. அந்த நாளைய நம் பெரியோர் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். சிலர் தமக்குள் முணுமுணுத்தும் இருக்கலாம்.

கவிஞர் 1932-இல் போராட்டத்தில் ஈடுபட்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். விடுதலைக்குப்பின் 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். 'மலைக்கள்ளன்' என்னும் அவர் புதினம் 1954-இல் திரைப்படமாய் ஓடியதைப் பெரியவர்கள் நினைவு கூர்வர். 1971-இல் பத்மபூஷண் விருது. 1972 ஆகஸ்டு 24-ஆம் நாள் மறைந்தார். தம் வாழ்வை 'என் கதை' என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றில் இறங்கிக் கால் நனைத்தோம். மோகனூரைத் தொட்டுச் செல்லும் இந்தத் தண்ணீர்தான் திருச்சிக்குப் போகிறது. கல்லணை கடந்து, தொண்டர்கள் நடந்த தஞ்சை வயல்களில் பிரிந்து பரவுகிறது. மகள் ஒரு சருகை அதில் விட்டுவிட்டு, அது வாங்கல் பாலத்தடியில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் இருந்தது" என்றாள். "தெரியும் அம்மா. அன்றைக்கே உன்னைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை" என்றார் ஐயா.

திரும்பும் பேருந்தில் அவள் எங்களிடம் பேனா கேட்டாள். அடுத்த ஆகஸ்டுக்கான அறிவிப்பை இப்போதே எழுதப் போவதாகவும், நாங்கள் உதவ வேண்டாம் என்றும் கூறிவிட்டாள். ராசிபுரம் பிரிவு வருவதற்குள் எழுதி முடித்து, எங்களைக் கடந்து நேரே ஐயாவிடம் நீட்டினாள். 'மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, 1930-ஆம் ஆண்டு உப்பு சத்தியாக்கிரகப் படை நடப்பதற்காக எழுதிய பாடல்' என்றிருந்தது. ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இருமுறை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, 'உப்பு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு 'ச்' சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.